செவிக்குணவு: வாசகர் கேள்வி, வயலின் டீச்சர் பதில்

உலகின் பல்வேறு இசை வகைகளைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர் பினாங்கு ஜார்ஜ்டவுனில் கர்நாடக வயலின் கற்றுத்தரும் ஆசிரியை. இளமையில் ரோங்கெங் என்ற மலாய் ஆட்ட இசைக் குழுக்களிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் வாசித்தவர்.

டீச்சர், கைப்பேசியில் இசை வகைகளைத் தேடினால் பட்டியல் முடிவில்லாமல் போகிறது. ஜாஸ், ப்ளூஸ், ரெகே, ஃபாடோ, கவாலி... மொத்தம் எத்தனை வகை? நான் எங்கிருந்து தொடங்குவது?
கா. வி., பிரிக்ஃபீல்ட்ஸ்

எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்களில் பலவற்றை வைத்தவர்கள் பாடியவர்கள் அல்லர், விற்றவர்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் சூட்டித் தனியாக ஒதுக்கி விற்றார்கள். 1949இல் பில்போர்டு பத்திரிகை அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று போட்டது. பாடியவர்களும் மாறவில்லை, பாட்டும் மாறவில்லை. 'வேர்ல்டு மியூசிக்' என்பது 1987இல் லண்டனில் ஒரு மதுக்கடையில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், தங்கள் சரக்கைக் கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்று பேசி முடிவு செய்த தலைப்பு. அதனால்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா என்ற தந்தி வாத்தியமும், பல்கேரியப் பெண்களின் கூட்டுப் பாட்டும், நம் நாதஸ்வரமும் ஒரே அடுக்கில் வந்து உட்கார்ந்தன. மூன்றுக்கும் எந்த உறவும் கிடையாது.

புதிய இசை ஒன்றைக் கேட்கும்போது அதன் பெயரைத் தேடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். அடி எங்கே விழுகிறது? பாட்டுக்குக் கீழே ஒரே சுருதி நிற்கிறதா, அல்லது சுரக்கூட்டங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றனவா? யார் முன்னால், எந்த நேரத்தில், எதற்காக இதைப் பாடினார்கள்? மூன்றாவதை மட்டும் தெரிந்துகொண்டாலே பாதிக் கதவு திறந்துவிடும். லிஸ்பன் துறைமுகப் பகுதிச் சிறு கடைகளில் வளர்ந்தது ஃபாடோ. இன்றும் அதைப் பாடத் தொடங்கும்போது விளக்கைத் தணித்துப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதைச் சமையல் செய்துகொண்டே கேட்டால் ஒன்றும் பிடிபடாது.

தொடங்குவதற்கு ஒரு பெயர் கேட்டால் எகிப்தின் உம் குல்தூம் என்பேன். 1975இல் மறைந்தார். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு வானொலியில் அவர் கச்சேரி ஒலிபரப்பாகும்போது அரபு உலகமே வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடும். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறொரு பாதையில் எடுத்துச் செல்வார். அவையில் இருப்பவர்கள் வாய்விட்டு மறுபடியும் பாடு என்பார்கள், அவரும் பாடுவார். ஒரு பாட்டு ஒரு மணி நேரம்கூடப் போகும். நம் வித்வான்கள் நிரவல் செய்வதைக் கேட்டுப் பழகிய காது அங்கே அந்நியமாக உணராது. ஒரு மாதம் அவரை மட்டும் கேளுங்கள். பட்டியல் எங்கும் ஓடிவிடாது.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் முன்னால் மேடை போட்டு ஓப்பரா நடத்துவார்கள். அதைக் கேட்டால் என் அம்மா 'இது மோகன ராகம் அல்லவா!' என்பார். உண்மையாகவா?
மு. செ., ஆயர் ஈத்தாம்

உங்கள் அம்மாவின் காது தேர்ந்த காது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வயலின் தந்தியில் மூன்றில் ஒரு பங்கை விரலால் அடைத்து, மிச்ச இரண்டு பங்கை வில்லால் இழுத்தால் ச பிறந்த இடத்தில் ப பிறக்கும். அந்தப் பஞ்சமத்தையே ஆதாரமாக வைத்து அதே கணக்கைப் போட்டால் ரி. அங்கிருந்து த. அங்கிருந்து க. நான்கே தாவலில் ஐந்து சுரம் கைக்கு வந்துவிடும். ஒரே ஸ்தாயிக்குள் வரிசைப்படுத்திப் பாருங்கள்: ச ரி க ப த. மோகனம்! பழைய சீன நூல்கள் சொல்லும் முறையும் இதேதான்: நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழி, மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு. யாரும் யாரிடமும் கடன் வாங்கத் தேவை இல்லை. தந்தியும் மூங்கிலும் இரண்டு ஊரிலும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

இன்னும் அழகான செய்தி இருக்கிறது. அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு ஆதார சுரத்தை மட்டும் மாற்றுவதை நாம் கிரகபேதம் என்கிறோம். மோகனத்தின் ரிஷபத்தைச் ச ஆக்கினால் மத்தியமாவதி. காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம். பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி. தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. சீன இசையிலும் கோங், ஷாங், ஜ்யூ, ஜி, யூ என்று ஐந்து சுரங்களின் பெயரால் ஐந்து முறைகள் உண்டு. சுர அமைப்பில் அவை இந்த ஐந்து ராகங்களோடு அப்படியே பொருந்தும். அடுத்த ஏழாம் மாதத்தில் அம்மாவுடன் முன்வரிசை நாற்காலியை விட்டுவிட்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். முன்வரிசை ஆவிகளுக்கு என்று காலியாக வைக்கப்பட்டிருக்கும்.

ஆனால் சுரம் ஒன்று என்பதால் இசை ஒன்றாகிவிடாது. நம் மோகனத்தில் காந்தாரமும் தைவதமும் அசையாமல் நின்றால் ராகம் உயிர் பெறாது. சீன ஃபிடிலில் அசைவு வேறு மாதிரி. எர்ஹுவுக்கு இரண்டே தந்தி, பாம்புத்தோல் போர்த்திய சிறு குடம். வில்லின் மயிர் இரண்டு தந்திகளுக்கும் நடுவே புகுந்திருக்கும், அதைத் தனியாக எடுக்கவே முடியாது. விரல் தந்தியைத் தொடும்போது கீழே விரல்பலகையும் இல்லை. ஆகவே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதும் நடுங்குவதும் அதற்கு இயல்பு.

ஜாவாவின் வெண்கல வாத்தியக் குழுவான கமெலானைக் கேட்டு 'சுருதி சேராத மோகனம்' என்று எழுதியவர்களும் உண்டு. அது சரியல்ல. அங்கே ஸ்லெண்ட்ரோ என்னும் முறையில் ஒரு ஸ்தாயியை ஏறத்தாழ சமமான ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கமெலான் தொகுதிக்கும் தனிச் சுருதி, ஒன்றின் வெண்கலத் தட்டை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. 1889இல் பாரிஸ் கண்காட்சியில் இந்த இசையைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

ஹார்மோனியம் நம்முடைய வாத்தியம்தானே?
ப. ந., சுங்கை பட்டாணி

பிறந்த இடம் 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ். இந்தியாவுக்கு வந்து தரையில் உட்கார்ந்தது, பஜனையிலும் நாடகத்திலும் கவாலியிலும் இடம் பிடித்தது. அதன் சுரங்கள் வளையாது என்பதால் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதற்குத் தடை போட்டிருந்தது. நம் நாட்டில் ஜொகூர் கஸல் பாடுகிறவர்கள் ஹார்மோனியத்தையும் தபலாவையும் அரபுக் கம்பூஸ் என்ற தந்தி வாத்தியத்தையும் சேர்த்து மலாய்ப் பாட்டுக்கு வாசிக்கிறார்கள். நம்முடையதுதான், ஜொகூர்க்காரர்களுடையதும்தான்.

என் மகனுக்குப் பதினாறு வயது. தேவார வகுப்பை விட்டுவிட்டு நாள் முழுவதும் ராப் கேட்கிறான். இதெல்லாம் இசையா? ராகம் இல்லை, வாத்தியமும் இல்லை. கண்டித்து எழுதுங்கள்.
இரா. கோ., கிள்ளான்

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கண்டித்து எழுத என்னால் முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், ஒரு பெண் பள்ளி திறப்பதற்கு முன் ஒரு விருந்து வைத்தாள். பாட்டுப் போட்டவன் அவளுடைய அண்ணன், கூல் ஹெர்க் என்று பெயர் எடுத்தவன். ஜமைக்காவிலிருந்து சிறுவனாகக் குடும்பத்தோடு வந்தவன். ஜமைக்காவில் தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி ஊரையே ஆடவைக்கும் வழக்கம் உண்டு. ஸ்காவும் ரெகேயும் அந்த ஒலிபெருக்கிகளின் முன்னால்தான் வளர்ந்தன. பாட்டின் நடுவே குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆட்டக்காரர்கள் மிகுந்த உற்சாகமாகிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தான். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தச் சில நொடிகளை மாற்றி மாற்றி ஓட்டி, நிமிடக் கணக்கில் நீட்டினான். அதன் மேல் ஒலிவாங்கியில் சொற்களை அடுக்கினார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளில் பலருக்கு வாத்தியம் வாங்கக் காசில்லை. வாத்தியம் இல்லை என்று நீங்கள் குறையாகச் சொல்வதே அந்த இசை பிறந்த காரணம்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1990களில் கோலாலம்பூரில் எழுந்த பொயட்டிக் எம்மோ குழு தமிழையும் மலாயையும் ஆங்கிலத்தையும் கலந்து பாடியது. அதில் இருந்த யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006இல் வெளியிட்ட தமிழ் ராப் தொகுப்பு தமிழ்நாட்டு இளைஞர்களையும் கேட்கவைத்தது. தமிழ் இசையில் ஒரு புதிய வடிவம் மலேசியாவிலிருந்து அங்கே போனது என்பதை எண்ணி நான் பெருமைப்படுகிறேன்.

ராகம் இல்லை என்கிறீர்கள். மிருதங்கக் கச்சேரியில் தாளச் சொற்களை வாயால் அடுக்கிக் கொன்னக்கோல் சொல்கிறவருக்கும் ராகம் இல்லை. அவரை நாம் கைதட்டி மதிக்கிறோம். அருணகிரிநாதரின் சந்தங்களைத் தாளம் தவறாமல் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். ஒரு மாலை உங்கள் மகனோடு உட்கார்ந்து அவனுக்குப் பிடித்த ராப் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஆதி தாளம் போடுங்கள். எங்கே சொல் தாளத்துக்கு முன்னால் விழுகிறது, எங்கே பின்னால் என்று அவனைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஒரு திருப்புகழை அதே முறையில் காட்டுங்கள். தேவார வகுப்புக்குப் போகவேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒன்றைத் திட்டி இன்னொன்றை ஊட்ட முடியாது. வார்த்தைகளில் கெட்டது இருந்தால் அந்த வார்த்தையைக் கண்டியுங்கள், வடிவத்தைக் கண்டிக்காதீர்கள்.

மிருதங்கம் கற்கிறேன். நம்மைப் போல ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணுகிறவர்கள் வேறு நாடுகளில் உண்டா?
ச. தி., ஈப்போ

நிறைய உண்டு தம்பி. உன் கை இதற்கு ஏற்கெனவே பழகிய கை என்பதால் நேரே வேலைக்கே வருகிறேன். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்பை மூன்று, இரண்டு, இரண்டு என்று தட்டுவாய். பல்கேரியாவில் ராச்செனித்சா என்ற நடனம் இரண்டு, இரண்டு, மூன்று. ஏழுதான், ஆனால் நீண்ட அடி கடைசியில் விழும். கல்யாணத்தில் பாட்டிகள்கூட அதற்கு ஆடுவார்கள், ஒருவரும் எண்ணுவதில்லை. கோபானித்சா பதினொன்று: இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு. துருக்கியில் ஒன்பதை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிப்பார்கள்.

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில் ரோமா மக்கள் வளர்த்த ஃபிளமெங்கோவில் பன்னிரண்டு எண்ணிக்கைச் சுழற்சி வரும். சோலேயா என்ற வகையில் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம். முதலில் மும்மூன்றாகப் போய்ப் பாதியில் இரண்டிரண்டாக மாறும். இதை மடியில் தட்டிப் பார். சரியாக வந்த பிறகு இடது கையில் சமமான நான்கை வைத்துக்கொண்டு வலது கையில் இதைத் தட்டு. வரும்வரை விடாதே.

காணொளி ஒன்றில் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு குரலில் பாடினார். ஏதாவது தந்திரமா?
அ. மே., பட்டர்வொர்த்

தந்திரம் எதுவும் இல்லை. மங்கோலியாவிலும் சைபீரியாவின் துவா பகுதியிலும் மேய்ச்சல்காரர்கள் வளர்த்த குரல் கலை அது. எந்தக் குரலிலும் அடிச் சுரத்துக்கு மேலே மெல்லிய சுரங்கள் பல அடுக்காக ஒலிக்கும். சாதாரணமாக அவை தனியாகக் கேட்பதில்லை. அந்தப் பாடகர் தொண்டையில் ஒரு கனமான சுரத்தை நிறுத்திவிட்டு, நாக்கையும் உதட்டையும் நகர்த்தி மேலடுக்கில் ஒன்றை மட்டும் பெரிதாக்குகிறார். விசில் போலக் கேட்பது அதுதான். தம்புராவின் குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டையில், தந்திக்கு அடியில் சிறு நூலை வைத்து நகர்த்துவோமே, சரியான இடம் வந்ததும் தம்புரா ரீங்கரிக்கத் தொடங்கும். வெளியே வருவது அதே மேலடுக்குச் சுரங்கள்.

மகள் பள்ளியில் மேற்கத்திய வயலின் வாசிக்கிறாள். கர்நாடக வயலினும் கற்கவேண்டும் என்கிறாள். குழம்பிவிடுவாளா?
ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

குழம்பமாட்டாள். பினாங்குப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், சந்தையில் ஹொக்கியன் என்று மாறி மாறிப் பேசுகிறார்கள். கையும் அப்படிப் பழகிக்கொள்ளும். ஆனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வரக்கூடாது.

மேற்கத்திய முறையில் நின்றுகொண்டு, வயலினைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே பிடிப்பாள். என்னிடம் வந்தால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்கால் மேல் ஊன்றி, அடியை மார்பில் சாய்ப்பாள். அப்போது இடது கைக்கு வயலினைத் தாங்கும் வேலை போய்விடும். அந்தக் கை தந்தி முழுவதும் வழுக்கிப் போகலாம், சுரத்தை அசைக்கும் கமகம் அங்கிருந்துதான் வருகிறது. விரல் நுனியில் துளி எண்ணெய் தடவிக்கொள்ளும் வித்வான்களும் உண்டு. தந்திகளும் அவள் பழகியபடி இருக்காது. நான்கையும் ச, ப, ச, ப என்று பாடுகிறவரின் சுருதிக்கு இறக்கிக் கட்டுவோம். இதனால் என் ஒரே ஒரு நிபந்தனை: முடிந்தால் இரண்டு வயலின் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வயலினில் பிருடையைத் தினமும் திருப்பிக்கொண்டிருந்தால் தந்தி அறுந்து பிள்ளைக்கு மனம் விட்டுப்போகும்.

இந்த ஐரோப்பிய வாத்தியம் நம்மிடம் எப்படி வந்தது என்று அவளுக்குச் சொல்லுங்கள். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் கற்று, அதில் நம் இசையை வாசித்தார். அண்ணனோ ஐரோப்பிய பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவற்றில் ஒன்று ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டிலேயே அமைந்தது. தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் யானைத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இரண்டு தலைமுறைக்குள் அது நம் மேடையை விட்டு நீக்கமுடியாத வாத்தியமாகிவிட்டது.

இதே நான்கு தந்தி வேறெங்கெல்லாம் போனது தெரியுமா? அரபு வயலின்காரர்கள் பலர் மேல் இரண்டு தந்திகளையும் ஒவ்வொரு சுரம் இறக்கிக்கொள்வார்கள். நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடிலில் வாசிக்கும் தந்திகளுக்குக் கீழே நான்கோ ஐந்தோ தந்திகள் தாமாகவே அதிர்ந்துகொண்டிருக்கும். புவனோஸ் அயர்ஸ் டாங்கோவில் குதிரைக்கு அப்பால் இருக்கும் துண்டுத் தந்தியை வில்லால் உரசிச் சில்வண்டு ஒலி எழுப்புவார்கள். மேற்கத்திய ஆசிரியர் பார்த்தால் பதறிப்போவார்.

எனக்கு வேறொரு வயலினைக் கற்றுத்தந்தது ரோங்கெங். வயலின், அக்கார்டியன், ரெபானா என்ற கைமேளம், கோங் என்று சிறிய குழு. அஸ்லி என்ற மெதுவான நடையில் பாடகி பந்துன் என்ற மலாய் நாலடிப் பாடலைப் பாடும்போது வயலின் அவள் குரலுக்கு அரை அடி பின்னால் நிழல் போலப் போகவேண்டும், முந்திவிடக்கூடாது. பிறகு ஜோகெட் தொடங்கும். அங்கே கால் இரண்டாக எண்ணும், வயலின் மூன்றாக ஓடும். அந்த இழுபறியில்தான் ஆடுகிறவர்களுக்கு ஆசை வரும். கர்நாடகப் பயிற்சி அங்கே எனக்கு உதவியது, ரோங்கெங்கும் திரும்பிவந்து என் பக்கவாத்தியத்துக்கு உதவியது. பாடுகிறவரின் மூச்சைக் கேட்க அங்கேதான் பழகினேன்.

பினாங்குக்கென்று சொந்த இசை உண்டா?
வீ. லெ., ஜெலுத்தோங்

போரியா. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் படைப்பிரிவுகளோடு வந்த இந்திய முஸ்லிம்களின் முஹர்ரம் வழக்கத்திலிருந்து தோன்றியது என்பார்கள். இங்கே மலாய் மொழிக்கு மாறி, வேடமும் நகைச்சுவையும் சேர்த்துக்கொண்டது. தலைவர் ஒரு கண்ணி பாட, வரிசையாக நிற்கும் குழு அதை வாங்கித் திரும்பப் பாடியபடி ஆடும்.

மலாய்த் திரைப்பட நடிகரும் பாடகருமான பி. ரம்லியும் எங்கள் ஊர்ப்பிள்ளை. 1929இல் இங்கே பிறந்தார், பிறந்த வீட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்டு சிங்கப்பூர்ப் படப்பிடிப்புத் தளத்துக்கு அழைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். ரம்லியின் மெட்டுகளில் அஸ்லியும் ஜோகெட்டும் இருக்கும், ரும்பாவும் இருக்கும், இந்திப்பட வயலின் வரிசையும் இருக்கும்.  

தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் உறுமி மேளம் கேட்டாலே என் மனம் பொங்குகிறது. உறவினர்களோ 'வெறும் சத்தம், சாஸ்திரம் இல்லாதது' என்கிறார்கள். உங்கள் கருத்து?
உறுமி வாசிக்கும் இளைஞர், பிறை

தம்பி, நீங்கள் வாசிக்கும் கருவியை உலகத்தில் வாத்தியங்களைப் படிப்பவர்கள் எவ்வளவு மரியாதையோடு பார்க்கிறார்கள் என்று உங்கள் உறவினருக்குச் சொல்லுங்கள். பெரும்பாலான தோல்கருவிகளை அடிப்பார்கள். உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி உரசுகிறீர்கள், அதனால் தோல் அடிபட்ட ஒலிக்குப் பதிலாக ஏறி இறங்கும் குரல் வருகிறது. இப்படி உரசி ஒலிக்கும் தோல்கருவிகள் தனி இனம். பிரேசிலின் சாம்பாவில் வரும் குயீக்கா அந்த இனத்தைச் சேர்ந்தது. அதன் தோலின் உட்புறம் நடுவில் ஒரு மெல்லிய குச்சி கட்டியிருக்கும், ஈரத்துணியால் அதை உருவினால் தோல் அழும், சிரிக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் உடுக்கை போன்ற முரசின் கயிறுகளைக் கக்கத்தில் இறுக்கித் தளர்த்தி, பேச்சின் ஏற்ற இறக்கத்தையே வாசிக்கிறார்கள்.

அருள் வருவதற்கு வாசிக்கும் மரபும் நம்மிடம் மட்டும் இல்லை. மொரோக்கோவில் க்னாவா மக்கள் இரவு முழுவதும் சடங்கு நடத்துவார்கள். தோல் போர்த்திய மூன்று தந்தி கெம்ப்ரியும் இரும்புச் சிப்ளாக்களும் நிறுத்தாமல் ஒலிக்கும். ஒவ்வொரு ஆவிக்கும் தனி மெட்டு, தனி நிறம். யார் எப்போது மயங்குகிறார், எப்போது நடையை மாற்றினால் அவர் தெளிவார் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். காவடி எடுத்தவர் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறும்போது நீங்கள் செய்வதும் அதுதான். முன்னால் போகிறவரின் காலைப் பார்த்து நடையைக் கூட்டுகிறீர்கள், தளர்ந்தால் தாங்கிப் பிடிக்கிறீர்கள். அதை எழுதிவைக்கவில்லை என்பதால் சாஸ்திரம் இல்லை என்றாகிவிடாது.

ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் எந்தத் தெய்வத்துக்கு எந்த நடை, யாரிடமிருந்து வந்தது என்று மூத்தவரிடம் கேட்டு மனப்பாடம் செய்யுங்கள். சினிமா மெட்டை வாசிப்பதில் தவறில்லை, ஆனால் பழைய நடைகள் கையை விட்டுப் போகக்கூடாது.

உங்களுக்கு மிகவும் பிடித்த இசை வகை?
ஜெ. பா., கூலிம்

கர்நாடக இசை என் தொழுகை. அதற்கு அடுத்து மலாக்காவின் டொண்டாங் சாயாங். இரண்டு பாடகர்கள் முன்தயாரிப்பு இல்லாமல் பந்துனுக்குப் பந்துன் பதில் சொல்வார்கள். மலாய்க்காரர்களும், மலாய் வழக்கங்களை ஏற்ற சீன வழியினரான பாபா நோன்யாக்களும், மலாக்காச் செட்டிகளும் போர்த்துகீசிய வழியினரும் ஒரே மேடையில் பாடுவார்கள். வயலினுக்கு அங்கே நல்ல இடம். 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

நம் மக்கள் கப்பலேறிப் போன நாடுகளில் நம் பாட்டு என்ன ஆனது? என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால் வெட்டும்போது பாடிய பாட்டுகள் இன்னும் அவருக்கு நினைவிருக்கிறது.
த. கு., அலோர் ஸ்டார்

முதலில் கேள்விக்குப் பதில். டிரினிடாட்டுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் வட இந்தியர். அவர்களின் போஜ்புரிக் கல்யாணப் பாட்டு, தோலக், ஹார்மோனியம், இரும்புக் கம்பியைத் தட்டும் தந்தால் எல்லாம் சேர்ந்து, அந்த ஊர்க் கலிப்ஸோவோடு உறவாடி, சட்னி என்ற வகையாயின. 1970இல் சுந்தர் போப்போ பாடிய பாட்டுக்குப் பிறகு அது மேடைக்கு வந்தது. தமிழர்கள் கூட்டமாகப் போன ரியூனியன் தீவில், ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகள் வளர்த்த மலோயா இருக்கிறது. கரும்புத் தோட்டத்தில் அவர்களோடு வேலை செய்த நம்மவர்களின் பிள்ளைகளும் இன்று அதைப் பாடுகிறார்கள். அதிகாரிகள் நீண்டகாலம் அதை அடக்கிவைத்திருந்தார்கள். 2009இல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இலங்கையில் போர்த்துகீசியரும் ஆப்பிரிக்க வழியினரும் விட்டுச்சென்ற பைலா என்ற ஆட்டப் பாட்டுக்கு நம் யாழ்ப்பாணத்து உறவினர்களும் ஆடுவார்கள்.

மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டு அப்படி வேறொரு வகையாக மாறி மேடை ஏறவில்லை. தெம்மாங்கு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் லயன் வீடுகளிலேயே இருந்தன. கங்காணியைத் திட்டிய வரிகளும், விடியும் முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற துக்கமும், மழை பெய்தால் வேலை இல்லை, சம்பளம் இல்லை என்ற கணக்கும் அவற்றுக்குள் ஏறின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, மக்கள் நகரத்துக்கு வந்தபோது பாடும் வேலையும் பாடும் கூட்டமும் சேர்ந்தே கலைந்தன. சிலர் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அச்சில் மெட்டு இல்லை.

ஆகவே இந்த வாரமே பாட்டியிடம் உட்காருங்கள். கைப்பேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் ஒரு துணியின் மேல் பாட்டிக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். பாடு என்று சொன்னால் வெட்கப்படுவார். கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ இருக்கும்போது அந்தக் காலத்து வேலையைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள், பாட்டு தானாக வரும். இடையில் நிறுத்தி அர்த்தம் கேட்காதீர்கள். முடிந்த பிறகு தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், யாரிடம் கற்றார், யாரெல்லாம் கூடப் பாடினார்கள் என்று கேட்டு அதையும் பதிவு செய்யுங்கள். ஒரே பாட்டை வேறொரு நாளில் மறுபடியும் பாடச் சொல்லுங்கள், வரிகள் மாறும், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிரதி எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

பத்திரிகை முகவரிக்கு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சுரப்படுத்தி எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். மற்ற வாசகர்களும் அனுப்பலாம்.